ஏழாம் மேசை

பாறசாலைக்காரர் அருமைநாயகத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் உதவியாளர் வேலை. ஊரில் கேட்டால் ஆஸ்பத்திரி உத்தியோகம் என்பார். தானமாக வந்த உடல்களைக் கழுவுவது, மூடுவது, பரீட்சைக்கு முந்தின நாள் மேசைகளில் கிடத்தி நரம்புக்கு மஞ்சள் நூல் கட்டுவது என்று இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. மேசைகள் ஏழு. பரீட்சைக்கு ஆறுதான். ஏழாவது சுவரோரம், தலை வரைக்கும் துணி மூடிக் கிடக்கும்.

அதற்குக் காரணம் கழுத்து. கைக்கு இறங்கும் நரம்புகள் கழுத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவே வரும் என்கிறது புத்தகம். மனிதர்கள் புத்தகம் படித்துவிட்டா பிறக்கிறார்கள்? சிலருக்கு ஒரு நரம்பு முன்தசையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு வருஷம் ஷீஜா என்ற மாணவி அப்படிப்பட்ட கழுத்தைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னாள். வெளியூர்ப் பரிசோதகர் தப்பு என்று சொல்லிப் பெயிலாக்கினார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நாயகத்தால் தாங்க முடியவில்லை. அன்றுமுதல் ஏறுமாறான கழுத்தெல்லாம் ஏழாம் மேசைக்குப் போயிற்று. யாரும் சொல்லிச் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் புண்ணியம் செய்கிறோம் என்று மனிதருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இந்த ஜூன் மழையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோடு எது ஓடை எது என்று தெரியாமல் கால் வைத்தார். வலது தோள் எலும்பு உடைந்தது.

மயக்க மருந்து டாக்டர் ஸ்மிதா, கோட்டை அக்கிரகாரத்துப் பெண், அவருடைய கூடத்திலேயே படித்தவள். நாயகத்துக்குப் பழைய ஆஸ்துமா. நுரையீரல் பாதி பலம்தான்.

"முழுசா மயக்கினா மூச்சு மெஷின்லேர்ந்து உங்களை எடுக்கறது கஷ்டம் அண்ணா. கழுத்துல ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கப் பண்றேன். மருந்து துளிதான் விடணும். கூடினா மூச்சு இழுக்கற நரம்பும் மரத்துடும்."

ஸ்கேன் திரையைப் பார்த்து ஊசி போட்டாள். கால்மணி நேரம் கழித்துத் தோளின் வெளிப்பக்கம் ஐஸ் வைத்தாள்.

"ஜில்லுனு இருக்கா?"

"நல்லாவே தெரியுது டாக்டரே."

அறுவை டாக்டருக்குப் பொறுமை இல்லை. "பேடிதான், வெறும் பயம்தான் காரணம். முழுசா மயக்கிடலாம்" என்றார்.

நாயகத்துக்குப் பயம் வந்தது. மெஷினில் போனால் திரும்பி வருவோமா என்ற பயம். ஆனால் தோளின் அந்த இடத்துக்கு எந்த நரம்பு என்பது அவருக்கு உறக்கத்திலும் தெரியும்.

"டாக்டரே, மேல உள்ள நரம்புதான் விட்டுப்போச்சு. முன்தசைக்க உள்ள பாருங்க."

ஸ்மிதா கருவியைக் கழுத்தில் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினாள். தசைக்குள் ஒரு சின்னக் கரும்புள்ளி. அங்கே சில துளி விட்டாள். மறுபடி ஐஸ் வைத்தபோது அவருக்குத் தெரியவில்லை.

"படிச்சிருக்கேன் அண்ணா. நம்ம கூடத்துல இப்படி ஒண்ணுகூடக் கண்ணால பாத்ததில்லையே!"

நாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் படித்த வருஷம் ஏழாம் மேசையில் இரண்டு கிடந்தன. இரண்டையும் மூடியது இந்தக் கைதான். இப்போது அதில் உணர்வே இல்லை. வெட்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, பரீட்சைக்கு முந்தின நாள், சரியாக உயராத கையோடு அவர் ஏழாம் மேசையில் துணியை விலக்கி, அங்கே கிடந்த உடலை ஆள் துணையோடு முதல் மேசைக்கு மாற்றினார். துறைத்தலைவர் ஸ்ரீகண்டன் வந்து பார்த்துத் திகைத்தார்.

"இதென்ன நாயகம்? புக்குல இல்லாத கழுத்தைப் போய் முன்னாலே வச்சிருக்கீர்? பசங்க தோத்துடுவா."

"பரீட்சையில தோத்தா திரும்ப எழுதலாம் சாரே. ஆபரேஷன் மேசையில எனக்கு மூச்சு ஒண்ணுதான் இருந்துது."

"உமக்கா?"

"என் கழுத்தும் இதேதான் சார்."

ஸ்ரீகண்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நூல் தளர்ந்திருக்கு. இறுக்கிக் கட்டும்" என்றார். "நாளைக்கு வர பரிசோதகர்கிட்ட நான் பேசிக்கறேன்."

நாயகம் இடது கையாலேயே மஞ்சள் நூலை இறுக்கினார்.