படத்தில் இல்லாத சமாதி

மலையடிவாரத்தில் வீடு கட்ட வருகிற பணக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை உண்டு. வீடு பட்டிக்காட்டு வீடு மாதிரி இருக்க வேண்டும். ஆனால் பட்டிக்காட்டில் இருக்கிற எதுவும் கண்ணில் படக் கூடாது. காட்டுக்கல் சுவர் வேண்டும், நாட்டு ஓடு வேண்டும், புது மரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கிழடாக்கிய உத்திரம் வேண்டும். சாணி வாடை மட்டும் ஆகாது. மலையைப் பார்த்த பக்கம் சுவரே இல்லாமல் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வேண்டும். இந்த ஆசையைப் பிசகாமல் வரைந்து கொடுக்கத் தெரிந்தவள் என்று திருப்பதியில் பெயர் வாங்கியவள் தேவசேனா.

சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பா எத்திராஜ் வேர்க்கடலை போட்டுப் பிழைத்தவர். இருந்த இரண்டு கறவை மாட்டையும் விற்றுத்தான் மகளை சிவில் டிப்ளமோ சேர்த்தார். அவள் படிப்பை முடித்த வருஷமே கொல்லையில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். அந்தப் பக்கத்து வழக்கப்படி சொந்த நிலத்திலேயே புதைத்து, மேலே செங்கல்லால் சமாதி எழுப்பி, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடம் விட்டார்கள். மாடம் எத்தனை அங்குலம், காற்றில் விளக்கு அணையாமலிருக்க எந்தத் திசை என்று கொத்தனாருக்குப் படம் போட்டுக் கொடுத்தது பத்தொன்பது வயசு தேவசேனாதான். அவள் வரைந்து எழும்பிய முதல் கட்டடம் அது.

அதற்கப்புறம் பதினாலு வருஷம் இன்னொருத்தர் ஆபீஸில் மாடிப்படியும் கக்கூஸும் வரைந்தாள். வரைவது இவள், கையெழுத்து அவர். கல்லும் கண்ணாடியுமாக இவள் போட்ட மலைவீடுகளைப் பார்க்க பெங்களூரிலிருந்தெல்லாம் கார் வந்தது. கேட்டில் தொங்கிய பலகையில் ஒரு இடத்திலும் இவள் பெயர் இல்லை. அந்த ஆத்திரம் அவளுக்குள் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கிரண்குமார் வந்தார். திருப்பதிக்காரர். மலையோரம் ஐந்து வீடு கட்டி விருந்தாளிகளுக்கு விடப்போகிறார், அதற்கு நிலம் தேடுகிறார். நாலு வருஷமாக போர்க்கிணறு வற்றித் தரிசாகக் கிடந்த அப்பாவின் நிலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. நிலத்தைக் காட்டினால் ஐந்து வீட்டையும் தன் பெயரிலேயே வரையலாம்.

அம்மா கங்கம்மாள் லேசில் ஒப்பவில்லை.

"நெலத்த வித்துட்டா நைனா எங்கடி போவாரு?"

"எங்கயும் போவ மாட்டாரும்மா. சமாதி அங்கியேதான் இருக்கும். வாங்கறவங்ககிட்ட பேசிட்டேன். நீ அமாவாசைக்கு அமாவாசை வந்து வெளக்கு ஏத்திக்கினு போவலாம்."

"நெசமா பேசினியா?"

"பேசினேன்னு சொல்றேன்ல."

"நீ சொல்றேன்னுதான் கையெழுத்து போடறேன்" என்றாள் கங்கம்மாள்.

தேவசேனா வாங்குகிறவரிடம் பேசவேயில்லை. சமாதி இருக்கிறது என்று சொன்னால் வாங்க வந்தவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிடுவான் என்று தரகர் பயமுறுத்தியிருந்தார். சமாதியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலிமுள் மண்டியிருந்தது. அம்மா மட்டும் பின்பக்கமாக ஒரு சந்து வைத்துப் போய் வருவாள். கிரண்குமார் நிலத்தைப் பார்க்க வந்தபோது அவர் கண்ணில் அது படவில்லை. தரகரே பவர் எழுதி வாங்கிப் பத்திரத்தை முடித்ததால், விற்றது தேவசேனாவின் அம்மா என்பதும் அவருக்குத் தெரியாது, அவளைப் பார்த்ததும் இல்லை. அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இந்த அப்புறம் என்பது எத்தனை குடியைக் கெடுத்திருக்கிறது!

முதல் வீட்டுக்குக் கணினியில் படம் தயாரித்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக எப்படித் தெரியும் என்று காட்டுகிற படத்தில், கரண்ட் கம்பம், டிரான்ஸ்பார்மர், முள்செடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அங்கே பச்சைப் புல்லைப் போட்டுவிடுவார்கள். அவளும் துடைத்தாள். கம்பம் போயிற்று, முள் போயிற்று. சமாதியின் மேல் வந்ததும் விரல் கொஞ்சம் தயங்கியது. படத்தில்தானே என்று அதையும் துடைத்தாள். நைனாவை எடுக்க ஒரு பட்டன் போதுமாயிருந்தது.

நிலத்தில் அவரைக் காப்பாற்றத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். சமாதி இருந்தது பள்ளத்தில். முன்னால் ஒரு வரிசை செடி வைத்தால், சோபாவில் உட்காருகிறவன் பார்வை அதற்கு மேலாக நேரே மலைக்குப் போய்விடும். எல்லாம் சரிதான். அஸ்திவாரம் எழும்புகிற நேரத்தில் கிரண்குமார், மலை இன்னும் எடுப்பாகத் தெரிய பேஸ்மட்டத்தை மூன்றடி தூக்கச் சொன்னார். பலகையில் தன் பெயர் எந்த எழுத்தில் வரும் என்ற நினைப்பிலேயே இருந்தவள் சரி சார் என்றுவிட்டாள். மூன்றடி உயர்ந்தால் பள்ளத்தில் இருப்பது மறையாது, நன்றாகத் தெரியும். படிப்பை நேற்று முடித்த பிள்ளைக்குக்கூடத் தெரிகிற சங்கதி இது.

கிரகப்பிரவேசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கண்ணாடி பொருத்தியாகிவிட்டது, முள்ளை வெட்டியாகிவிட்டது. சோபா வரப்போகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த கிரண்குமாருக்கு நேர் எதிரே, நட்ட நடுவில், பொங்கலுக்கு அம்மா அடித்த வெள்ளை கலையாமல் சமாதி நின்றது.

"இதேன்ட்டி மேடம்?" கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். எழுந்து நின்று தமிழுக்கு மாறினார். "கண்ணத் தெறந்தா சமாதி. எங்கம்மா இந்த வீட்டுல கால் வெப்பாங்களா? யாரோடது இது?"

எங்க நைனாவோடது சார். ஐந்து நொடி வேலை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மற்ற நாலு வீடும் கேட்டுப் பலகையும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"யாரோ பழைய காலத்து ஆளுங்களோடது சார்" என்றாள். மாடத்தில் போன அமாவாசை எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயாமல் இருந்தது.

கிரண்குமார் செல்போனில் அவள் கொடுத்த படத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்க குடுத்ததுதான? இதுல இல்லாதது நெலத்துல இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. ஓட்டி வந்த சந்துரு புத்தூர்க்காரன். சமாதியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான்.

"இதுல நான் பக்கெட்ட வெக்க மாட்டேன் மேடம். அவுங்க ஜனம் யாருனா வந்து கற்பூரம் ஏத்தி, ஏந்திருன்னு சொல்லி மொத செங்கல்ல எடுக்கணும். அப்பாலதான் நானு. எனக்கும் புள்ளகுட்டி கீது."

"ஜனம் யாரும் இல்லப்பா, எல்லாம் எப்பவோ போய்ட்டாங்க" என்றார் கிரண்குமார். பிறகு தேவசேனா பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீங்களே எடுத்துடுங்க மேடம். ஜனம்னு வெச்சுக்கட்டும். அவனுக்கு ஒரு திருப்தி."

சந்துரு வண்டியிலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். மாடத்தின் மேல் செங்கல் பதினாலு வருஷ வெயிலில் தளர்ந்து, தொட்டதும் கையோடு வந்தது. "ஏந்திரு நைனா" என்றாள், உதடு மட்டும் அசைய. நடிப்பு நன்றாக இருக்கிறது என்று கிரண்குமார் தலையாட்டினார். கால் மணி நேரத்தில் இடம் சமமாகிவிட்டது. உடம்பு எங்கேயும் போகவில்லை, மேலே இருந்த செங்கல்தானே என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு நாளில் புல்லும் விரித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதுவும் அப்புறம்.

கிரகப்பிரவேசம் தடபுடலாக முடிந்தது. கேட்டில் பலகை ஏறியது. வடிவமைப்பு: தேவசேனா. அதைப் பத்து தடவையாவது போட்டோ எடுத்திருப்பாள்.

அமாவாசை அதற்கு ஐந்தாம் நாள் வந்தது. தேதி அவளுக்கு மறந்தே போயிருந்தது. இனிக் கட்டப்போகிற இரண்டாவது வீட்டை வருஷ வாடகைக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளும் யோசனையோடு ஒரு குடும்பம் பெங்களூரிலிருந்து வந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணி. மலை முழுக்க மஞ்சள் வெயில். கிரண்குமாரோடு அவர்களைச் சோபாவில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விளக்கிக்கொண்டிருந்தாள்: இது இரட்டைக் கண்ணாடி, வெளிச்சத்தம் ஒரு பொட்டு வராது. பகலில் உள்ளே இருந்து எல்லாம் தெரியும், வெளியே இருந்து பார்த்தால் மலையும் வானமும்தான் தெரியும், உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

அப்போது புல்தரைக்குப் பின்னாலிருந்து தூக்குவாளியோடு கங்கம்மாள் வந்தாள்.

வந்தவள் நின்றாள். இந்தப் பக்கம் நாலு எட்டு போனாள், அந்தப் பக்கம் நாலு எட்டு போனாள். வாய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்து வந்தாள். எதிரே இன்னொரு மலை நிற்பதையும் அதன் அடியில் ஒரு கிழவி நிற்பதையும் பார்த்துத் திகைத்து, இரண்டு எட்டு தள்ளி நின்றுவிட்டாள். மகள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். எதிரே மகள் இருப்பது கங்கம்மாளுக்குத் தெரியவில்லை. விருந்தாளி வீட்டுப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

கங்கம்மாள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். தேவசேனாவின் மடியில் போன் அதிர்ந்தது. அம்மா என்று காட்டியது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே அம்மா காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். உள்ளே மறுபடியும் அதிர்ந்தது.

"தெரிஞ்சவங்களா மேடம்?" என்றார் கிரண்குமார்.

"ஊர்ல ஒரு அம்மா சார். கொஞ்சம் மனசு சரியில்ல."

மூன்றாவது தடவை போன் வரவில்லை. கங்கம்மாள் தூரத்துப் புளியமரத்தடிக்குப் போய், அங்கிருந்து அடி அடியாக எண்ணிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றாள். இடம் ஒரு சாண்கூடப் பிசகவில்லை. புல்லின் மேல் அகலை வைத்து, காற்றுக்கு இரண்டு கையையும் மறைப்பாகப் பிடித்து ஏற்றினாள். மாடம் இல்லாததால் விளக்கு நிற்கவில்லை. அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அப்புறம் அப்படியே புல்லில் முகத்தை வைத்துக் கிடந்தாள். முதுகு குலுங்கியது.

விருந்தாளிகள் எழுந்து கண்ணாடியருகே போய்ப் போட்டோ எடுத்தார்கள். பட்டிக்காடு எவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். இந்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாமே என்றும் ஒருவர் சொன்னார். கிரண்குமாருக்கு வாயெல்லாம் பல்.

"அந்த அம்மாவ தெனமும் சாயங்காலம் வரச் சொல்லுங்க மேடம்" என்றார். "இதே மாதிரி பழைய புடவையிலயே வரட்டும்."

"சொல்றேன் சார்" என்றாள் தேவசேனா.