தோற்றவர்களுக்கு மூன்று நொடி

முன்பின் தெரியாத ஒருவரை இருபது நொடி எரிச்சல்படாமல் வைத்திருப்பது, அதையே ஒரு நாளைக்கு முந்நூறு முறை செய்வது: குட்டி விளையாட்டுகளுக்கு இசை போடுகிறவனின் வேலை இவ்வளவுதான்.

செல்போனில் வண்ணத்திரை வந்த புதிதில், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் நீங்களும் கூடையை நகர்த்தி மாம்பழம் பிடித்திருப்பீர்கள். பின்னால் ஒரு டிங் டிங் ஓடியிருக்கும். பக்கத்தில் நின்றவர் முறைத்திருப்பார். அந்த முறைப்பில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது. ஆகவே நாம் பழைய கூட்டாளிகள்.

அப்போது நான் உத்திரமேரூரில் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வரவேற்பில் கேட்டுவிட்டுத்தான் கோபி என்னைத் தேடி வந்தான். சென்னையில் செல்போன் விளையாட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. பன்னிரண்டு குட்டி விளையாட்டுகள். முதலில் நான்குக்கு இசை போட்டுத் தர வேண்டும். பிடித்தால் மீதி எட்டும் எனக்கு. மாகறலில் என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு, "பொங்கல் வரைக்கும் பாருங்க மாப்ள. அப்புறம் நம்ம உரக்கடைக்கு வந்துடுங்க" என்றார். என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பஜார் தெருவில் ஜாபர் பாய் தன் கம்ப்யூட்டர் சென்டரின் மூலை மிஷினைப் பகலில் எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். எவ்வளவு தரவேண்டும் என்று வாயைத் திறந்தால் டீ சொல்லிவிடுவார்.

நிமிஷத்துக்கு மூன்று முகூர்த்தம்

முதல் விளையாட்டு மாம்பழம். பதினெட்டு நொடிக்கு ஒரு மெட்டுப் போட்டேன். கல்யாணத்தில் வாசித்துப் பழகிய கை. எதை ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு தடபுடலோடு முடித்தால்தான் அடங்கும். முடித்தேன். ஆனால் விளையாட்டில் மெட்டு முடிவதில்லை. தீர்ந்த இடத்தில் மறுபடி ஆரம்பிக்கிறது.

எங்காவது பிசிறு தட்டுகிறதா என்று பார்க்கக் காலையிலிருந்து அதை ஓடவிட்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் பக்கத்துக் கடை டெய்லர் முனுசாமி, கழுத்தில் அளவு டேப்போடு வந்து வாசலில் நின்றார். "இன்னா நைனா, காலைலேர்ந்து நானும் கேட்டுகினு கீறேன். நிமிசத்துக்கு மூணு தபா தாலி கட்டறீங்க. ஒரு தபாவாவது பந்தி போடக்கூடாதா?"

பதினோரு பேர்

கம்பெனியும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது, படகு விளையாட்டு. இதில் என்னை நிரூபித்துவிட வேண்டும் என்று வீணை, புல்லாங்குழல், வயலின் கூட்டம், மிருதங்கம், ஜால்ரா எனப் பதினோரு வாத்தியங்களை அடுக்கினேன். பாயின் ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. போனில் எப்படி இருக்கிறது என்று கேட்க சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் காலத்து போன் ஒரே சமயத்தில் நான்கு ஒலிகளைத்தான் வாசிக்கும். ஐந்தாவது வந்தால் முதலில் வந்ததை வெளியே தள்ளிவிடும். என் படகில் ஜால்ராவும் மிருதங்கமும் அரைப் புல்லாங்குழலும் என்னவென்று தெரியாத ஒன்றும் மிஞ்சியிருந்தன. முதலாளி வேறு ஒருவரை மனதில் வைத்திருக்கிறார், மீதி இரண்டையும் பொங்கலுக்குள் சரியாகக் கொடுத்தால்தான் உண்டு என்று கோபி தணிந்த குரலில் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வைக்க முயன்றான். "பதினோரு பேரைக் கூப்பிட்டிருக்கீங்க சார், நாலு பேர்தான் வந்திருக்காங்க. மத்தவங்கல்லாம் பஸ்ஸ வுட்டுட்டாங்களா?"

பேர் வராத வேலை

ஒரு வாரம் மூலை மிஷின் பக்கமே போகவில்லை. எனக்கு இசை தெரியுமா, அல்லது கல்யாணக் கூட்டத்தின் சத்தத்தில் தெரியாததை மறைத்துக்கொண்டிருந்தேனா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என் மனைவி செல்வியிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சினிமாவுல மியூசிக் போட்டவங்க பேரு வருதே, இதுல உங்க பேரு எங்க வரும்?" என்றாள். எங்கும் வராது என்றேன். ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப தப்பாப் போட்டாலும் யாரும் தேடி வந்து திட்டப்போறதில்ல இல்ல? பயப்படாம இன்னா தோணுதோ அதைப் போடுங்க."

சல்லடை

மூன்றாவது, அரிசியில் கல் பொறுக்கும் விளையாட்டு. தாளத்துக்குச் சரியாகப் பட்டனை அழுத்தினால் கல் போகும். வாலாஜாபாத்தில் மாமனார் நெல் அரைக்கும் மில்லில் ஒரு சல்லடை உண்டு. நேராக ஆடாது. மூன்று ஆட்டம், பிறகு நொண்டுவதுபோல் இரண்டு என்று ஐந்து ஐந்தாகப் போகும். பயத்தை விட்டு அதையே எடுத்தேன். மரக்கட்டை தட்டுகிற இரண்டே ஒலி, வேறு வாத்தியம் இல்லை. ஆனால் யாராலும் ஆட முடியவில்லை. பாய் எடுத்தது பூஜ்யம். ஆபீஸில் எல்லோரும் நான்கு நான்காக எண்ணுகிறார்கள், எல்லாம் தப்பாகிறது என்று கோபி போனில் சொன்னான்.

மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்த நாளில் மில்லுக்குப் போகவேண்டி வந்தது. கோபி சோதிக்கக் கொடுத்திருந்த போன் பையில் இருந்தது. மிஷின் ஓட்டும் தேசிங்கிடம் சும்மா நீட்டினேன். அவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கண் மூட்டைமேல் இருந்தது. பன்னிரண்டு கல்லையும் பொறுக்கிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல இன்னா சார் கீது, நம்ம சல்லடைதானே? இது நின்னுபோனாதான் எனக்குப் பேஜாரு."

கம்பியில் மாட்டிய பட்டம்

மாம்பழத்தின் தடபுடலை வெட்டி, படகை நான்கு வாத்தியமாகக் குறைத்து, சல்லடையை மட்டும் மாற்றாமல் அனுப்பினேன். கஷ்டமான விளையாட்டும் ஒன்று இருக்கட்டும் என்று முதலாளி ஏற்றுக்கொண்டார். கடைசி ஒன்று பட்டம். மின்கம்பியில் படாமல் ஏற்ற வேண்டும். பட்டால் மூன்று நொடிக்கு ஒரு ஒலி வேண்டும். தோற்றவனைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றான் கோபி. நானும் நாலைந்து கேலிகள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என்னைப் பார்த்தே சிரித்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஐந்து சுரம் மட்டும் வைத்தேன். நான்கு மெதுவாக இறங்கும். ஐந்தாவது இறங்காது, முடிக்காமல் அங்கேயே நிற்கும். முடித்தால் என்ன ஆகும் என்று முனுசாமி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமனார் சென்டருக்கே வந்துவிட்டார். உரக்கடைப் பேச்சு என்று தெரிந்தது. செய்யாற்றங்கரையில் அவருடைய நெல், அறுப்புக்கு நிற்கும்போது மழையில் சாய்ந்துபோன வருஷம் அது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. நான் ஒரு வேலையை முடிக்கும்வரை சும்மா உட்காரட்டும் என்று பாய் அவர் கையில் போனைக் கொடுத்தார். அவர் கட்டை விரல் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தியது. பட்டம் போனதும் கம்பியில் மாட்டியது. மறுபடி. மறுபடி. கோபப்படப் போகிறார் என்று பாய் எழுந்தே விட்டார்.

மாமனார் போனைக் காதருகே கொண்டுபோயிருந்தார். "தோத்தவனைப் பார்த்து, 'சரி வுடு, செத்த உக்காரு'ன்னு சொல்றா மாதிரி கீது மாப்ள. இந்த வருசம் எங்கிட்ட யாரும் அப்படிச் சொல்லல. இன்னொரு தபா வெச்சுக் குடுங்க."

மீதி எட்டு

உரக்கடைப் பேச்சை எடுக்காமலே அவர் பஸ் ஏறினார். கடையில் எனக்கு வைத்திருந்த இடத்தில் பிறகு தன் தம்பி மகனை உட்கார வைத்தார். போகிக்கு முந்தின நாள் பாயின் கடை போனுக்குக் கோபி கூப்பிட்டான். கேலிச் சிரிப்பு வேண்டும் என்றால் இதையா அனுப்புவது என்று திட்டப்போகிறான் என நினைத்து, ரிசீவரைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தேன். பாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல எவனும் பட்டத்தை ஏத்த மாட்டேங்கறான் சார், வேணும்னே கம்பியில வுட்டுகினு கீறானுங்க. மீதி எட்டும் நீங்களே பண்ணிடுங்க. ஆனா ஜெயிக்கறவனுக்கும் பார்த்து ஏதாவது போடுங்க."

ஜெயிக்கிறவனுக்கு என்ன போடுவது என்று இத்தனை வருஷத்தில் எனக்குச் சரியாகப் பிடிபட்டதே இல்லை. தோற்றவர்கள்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள்.