தேசிக்காய் நசியாத கார்

என் பழைய காருக்கு ஆறு சிலிண்டர். சாவியைத் திருப்பினால் போதும், எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்துவாள். அந்தச் சத்தத்துக்கு நான் வைத்த பெயர் சங்கீதம். என் மனைவி வைத்த பெயர் 'உந்த இழவு'. கியரை நான்தான் மாற்றவேண்டும், பிரேக்கை நான்தான் மிதிக்கவேண்டும். பிழை விட்டாலும் அது என் சொந்தப் பிழை.

சுவிஸில், பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்தால் நான் நேரே வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. பிரெம்கார்ட்டன் காட்டுப்பக்கம் ஒரு சுற்றுப் போய்த்தான் திரும்புவேன். ஒருகாலத்தில் உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாம் வந்து கார்ப் பந்தயம் ஓடிய காடு அது. பக்கத்திலேயே மரங்கள், கீழே கல்லுப் பதித்த வளைவுகள். மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குமாம். பிறகு நாடு முழுக்க அந்தப் பந்தயத்தையே தடை செய்துவிட்டார்கள். அப்போது நான் பிறக்கவே இல்லை, ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அங்கே திரிவது நாயோடு நடக்கிற பென்சன்காரர்களும் நானும்தான். ஒருமுறை அந்தக் காட்டு வீதியில் வேகமாக ஓடியதற்கு எனக்குத் தண்டக் கடிதம் வந்தது. எப்போது அப்படி மிதித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாக இருந்ததால் மறுபேச்சில்லாமல் கட்டினேன்.

அந்தக் காருக்குத்தான் உலை வைத்தாள் என் மகள். நொஷாட்டல் நகரத்தில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரு கரண்ட் கார் பார்த்துப் பதிந்துவிட்டுப் போன் எடுத்தாள்.

“அப்பா, புதுசு வந்தால் பழசு போகவேணும். ரெண்டையும் வச்சிருக்கேலாது.”

“ஓம், பிள்ளை சொல்லுறது சரி” என்றாள் மனைவி, ஒரு நொடிகூட யோசிக்காமல். மகளே இணையத்தில் விளம்பரம் போட்டு, வாங்க ஒரு சுவிஸ்காரரையும் பிடித்துவிட்டாள். சனிக்கிழமை காலை கோயிலில் புதுக் காருக்குப் பூசை. பின்னேரம் நாலு மணிக்கு அவர் வந்து பழையதைக் கொண்டுபோவார். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுசு இருக்கிறதே, அது கார் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். வீதியில் போட்ட வெள்ளைக் கோட்டைச் சில்லு லேசாகத் தொட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். கண்ணைக் கசக்கினால் 'களைத்துவிட்டீர்கள்' என்று கோப்பிக் கோப்பையைப் படம் போட்டுக் காட்டும். சீற்றில் மரக்கறிப் பையை வைத்தால், அதற்கு பெல்ட் போடச் சொல்லிக் கூவும். மனைவியோ அதன் கையேட்டைத் தேர்வுக்குப் படிப்பதுபோல் பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மனைவி புதியதிலும், கடைசி ஓட்டம் என்று கெஞ்சிக் கேட்டு நான் பழையதிலும் கோயிலுக்குப் போனோம். ஐயர் புதுக் காரின் முன்பக்கம் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார். மனைவி தான் கட்டிய கனத்த மாலையை நீட்டினாள்.

“ஐயா, இன்னும் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டுங்கோ. அதுதான் வடிவு.”

நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய். அவற்றை நசித்துக்கொண்டு கார் புறப்படவேண்டும், கண்ணூறு அதோடு போய்விடும். நான் ஏறி உட்கார்ந்தேன், பக்கத்தில் மனைவி. ஐயர் கற்பூரத் தட்டோடு விலகி நின்று “வாங்கோ, வாங்கோ” என்றார். மிதித்தேன். கார் வீரிட்டுக் கத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரையில் சிவப்பு எழுத்து: முன்னால் தடை.

ஐயர் இன்னும் பின்னால் போனார். சிதறு தேங்காயைக் கூட்டி அள்ளினார்கள். மறுபடி மிதித்தேன், மறுபடி வீரிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: சென்சருக்கு முன்னால் மாலை ஆடுகிறது. திரையின் மூலையில் அதை நிறுத்துகிற பட்டன் இருந்தது. ஒரு விரல் வேலை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விரல் அசைய மறுத்துவிட்டது.

“என்ன கோதாரியோ தெரியேல்லை” என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

மனைவி இறங்கிப் போய்த் தேசிக்காய்களைப் பார்த்தாள். ஒன்றுகூட நசியவில்லை. அங்கேயே நின்று மகளுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, சகுனம் பிழை. அந்த மனுசனை வரவேண்டாம் எண்டு சொல்லு. பழைய கார் நிக்கட்டும்.”

“அம்மா, அது வெறும் சென்சர்...”

“கடவுளோட சென்சர் கதை கதைக்காத!”

போனை வைத்துவிட்டாள். எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன். தேசிக்காயை வீணாக்கக்கூடாது, மற்றக் காரைக் கொண்டுவாங்கோ என்றார் ஐயர். மாலை இடம் மாறியது. ஆறு சிலிண்டரும் உறும, நாலு தேசிக்காயும் சாறு தெறிக்க நசிந்தன. மாலை கழன்ற புதுக் கார் நல்ல பிள்ளையாக அசைந்து மனைவியோடு வீட்டுக்கு வந்தது. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் எனக்கு மனம் குறுகுறுத்தது. தேத்தண்ணி கொண்டுவந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

“இஞ்சேரும், அந்தப் பட்டன் எனக்குத் தெரியும். அமத்தியிருந்தால் கார் போயிருக்கும்.”

“எனக்கும் தெரியும். கையேட்டை மூண்டு தரம் வாசிச்சனான். முன்னுக்கு ஒண்டும் தொங்கப்படாதெண்டு போட்டிருக்கு. மாலையைக் கீழ இறக்கச் சொன்னது ஆர்?”

“உமக்கு அந்தக் காரைக் கண்ணில காட்டேலாதே!”

“காட்டு வீதித் தண்டம் ஞாபகமிருக்கோ?”

“இருக்கு.”

“அண்டைக்கு நீங்கள் பஸ்ஸில வேலைக்குப் போனனியள்.”

பழைய காரின் சாவியை எடுத்துக்கொண்டு, “கடைக்குப் போட்டு வாறன், பால் இல்லை” என்றாள். பால் இரண்டு பெட்டி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடிக்காரி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.