உட்பக்கத் தாழ்ப்பாள்

என் வேலையில் இருப்பவர்கள் பயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் தொழில் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வீட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில்மேல் ஏறுகிறவள், ஜெயிலுக்குள் போய் மண்டையை உடைத்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறாள் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஜெயில் வாசலில் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். உள்ளே போனபிறகு அது நின்றுவிடும், அவ்வளவுதான்.

நான் மனநலச் சமூகப் பணியாளர். மனநோயோடு ஜெயிலில் கிடந்து, வழக்கு முடிந்தும் கூட்டிப்போக ஆள் வராதவர்களை வெளியே கொண்டுவந்து ஒரு வீட்டில் குடிவைப்போம். மருந்து, சமையல், சின்ன வேலை என்று மெல்லப் பழக்கிவிடுவோம். அப்படி ஒரு வீட்டை ஹைதராபாத் மல்லாபூரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கும் தெரு அது. ஒரு வீட்டில் நான்கு ஆண்கள் ஏன் இருக்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் நாமக்கல் பக்கத்துக்காரர். லாரியில் கிளீனராக ஹைதராபாத் வந்தவர். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்த காலத்தில், தன்னைக் கொல்லப் போகிறான் என்று நம்பி, தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை வீல் ஸ்பேனரால் அடித்துவிட்டார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். இவர் விசாரணைக் கைதியாகவே பல வருடங்கள் உள்ளே இருந்தார். தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னிடம் ஒப்படைத்தார்கள். மருந்தில் குரல்கள் அடங்கியிருந்தன. மெல்லிய ஆள், சாதுவான பேச்சு. ஆனாலும் அவர் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்பேனர் நினைவுக்கு வந்துவிடும். அதை அவரிடம் காட்டாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியும் அவர் தூங்கவில்லை. இரவெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, கதவு சும்மா சாத்தியிருந்தால் தூக்கம் வரவில்லை, தாழ் போட்டிருந்தால் வரும் என்றார். எங்கள் வீடுகளில் படுக்கையறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் வைப்பதில்லை. ஏன் வைப்பதில்லை என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் எனக்கு அன்று நியாய ஆவேசம் வந்துவிட்டது. தன் அறையைத் தானே தாழிட்டுக்கொள்ளக்கூட உரிமை இல்லையென்றால் இது வீடா, வார்டா என்று கூட்டத்தில் எகிறினேன். என் மேலதிகாரி, உன் பொறுப்பு என்றார். நானே ஹப்சிகுடாவில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, ஆசாரியைக் கூட்டிப்போய்ப் பொருத்தினேன். பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் செய்தார். அவர் இங்கே திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதித் தமிழும் பாதி ஹைதராபாத் உருதுவுமாகத்தான் பேசுவார்; ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’. "மேடம், அந்த ஆளு டோர் தொறக்கல. தட்டித் தட்டிப் பார்த்துட்டேன், பதிலே இல்ல. கைக்கு மேடம் அந்த லாக்கு? நான் அன்னைக்கே நக்கோன்னு சொன்னேன்ல?"

வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். நாச்சாரம் தாண்டும்வரை எங்கே போகவேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேனா இல்லையா என்பதே நினைவில்லை. கண்ணை மூடினால் அந்த அறையின் மின்விசிறி தெரிந்தது. கண்ணைத் திறந்தாலும் அதுதான் தெரிந்தது. செத்துப்போயிருந்தால் தாழ்ப்பாள் வைத்தது நான். இந்த ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அவருக்காக எவ்வளவு பயந்தேன், எனக்காக எவ்வளவு பயந்தேன் என்று பிரித்துச் சொல்ல இப்போதும் தெரியவில்லை.

மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணன் மட்டும் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அதுவும் உள்ளிருந்து சாத்தியிருந்தது. கதவில் காதை வைத்தேன். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஓடுகிறதென்றால் அதில் எதுவும் தொங்கவில்லை என்று ஒரு கணம் உயிர் வந்தது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல அடங்கி நின்றது.

அந்த நிசப்தத்தில் உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

உயிரோடு இருக்கிறார். ஆனால் நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதர் ஏன் பதில் சொல்லவில்லை? மாத்திரையைத் துப்பிவிட்டாரா? குரல்கள் திரும்பி வந்துவிட்டனவா? நாங்கள் கதவை உடைக்க வருகிறோம் என்று கையில் எதையாவது எடுத்துக்கொண்டு காத்திருக்கிறாரா? அந்த அறையில் இரும்பாக என்னென்ன இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். கட்டில் இரும்புக் கட்டில்.

அண்ணன் கடப்பாரை கொண்டுவரட்டுமா என்றார். இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிடலாம் என்றார். போலீஸ் ஜீப் அந்தத் தெருவுக்குள் வந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிடுவார். கடப்பாரைச் சத்தத்தில் இவர் உள்ளே என்ன செய்துகொள்வாரோ தெரியாது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படித்த படிப்பையெல்லாம் குரலில் கொண்டுவந்தேன். நான்தான் வந்திருக்கேன் என்றேன். அவசரமில்லை, உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது திறக்கலாம் என்றேன். இது உங்கள் அறை, உங்கள் விருப்பம் என்றேன். உள்ளே சின்ன அசைவுகூட இல்லை.

கடைசியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்த்தேன். முதலில் அவர் பாதங்கள் தெரிந்தன. குத்துக்காலிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்து வைத்த போர்வை. அதற்கு முன்னால் தட்டும் டம்ளரும்.

எனக்குத் தெரிந்த காட்சி அது. ஜெயிலில் காலையில் வார்டர் வருவதற்குள் எல்லோரும் போர்வையை மடித்து, தட்டை எடுத்து வைத்து, இப்படித்தான் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வார்டர் கம்பியில் தடியால் தட்டி அதட்டுவார். தலைகளை எண்ணிவிட்டு வெளியே விடுவார். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. இவர் சாகவும் இல்லை, என்னைத் தாக்கக் காத்திருக்கவும் இல்லை. விடிந்ததிலிருந்து, திறந்துவிட ஆள் வரும் என்று ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார். கதவு தாழ் போட்டிருந்தால்தான் தூக்கம் வரும் என்று அவர் சொன்னதை, சொந்த அறைக்கு ஆசைப்படுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து சமையலறைக்குப் போய் இரும்புக் கரண்டியை எடுத்துவந்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வார்டர்களின் குரலை நான் அறவே வெறுப்பவள். பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம், கைதியை ஒருமையில் கூப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுபவள். என்னிடமிருந்து அந்தக் குரல் வருமா என்று பயமாக இருந்தது. கதவின் வெளித்தாழில் கரண்டியால் ஓங்கித் தட்டினேன்.

"லே! பயடிக்கு ரா!"

எழுந்திரு, வெளியே வா என்று, வார்டர்களின் தெலுங்கில். தடையில்லாமல், கனமாக, வருடக்கணக்காகப் பழகிய குரல்போல வந்தது. உடனே உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறக்கும்போது நான் ஓரடி பின்னால் போனேன். அவர் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டோடு வெளியே வந்து, கூடத்துச் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எண்ணிக்கை முடிவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல தூக்கம் என்றார். முகமும் தெளிந்துதான் இருந்தது. பிறகு, குறை சொல்ல மனமில்லாதவரைப்போலத் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்க மேடம், இன்னைக்குத் தொறக்கறதுக்கு இத்தன நேரமாயிருச்சுங்களே? வயிறு கபகபன்னு எரியுதுங்க."

தாழ்ப்பாள் உங்கள் பக்கத்தில்தானே இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அண்ணன் இட்லியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கும் நீங்களே வந்து தொறந்துருங்க மேடம்" என்றார். "உங்க சத்தம் நல்லா வெளங்குதுங்க."