திலகவதியோடு யாரும் பேசாத நாற்பது நாள்

திலகவதி குறிஞ்சிப்பாடித் தறிக்கார வீட்டுப் பெண். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தவளுக்கு மூன்று கரு கலைந்தது. ஜெபசபையின் தலைவரான மூப்பர் அருள் ஜெபித்த பிறகு மகள் எப்சிபா பிறந்தாள். பெயரும் அவர் வைத்ததுதான். அன்றிலிருந்து அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அவள் செய்த குற்றம் இவ்வளவுதான். பக்கத்து வீட்டு தாஜ் பீவி கொடுத்த நோன்புக் கஞ்சியை, அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டாள். சபைக்கு வெளியே உள்ளவர்களோடு உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது மூப்பர் வைத்த சட்டம். ரிட்டயர்டு ஃபோர்மேன் அல்லவா, ஷிப்டில் ஆளை விரட்டிய பழக்கம் சபையிலும் போகவில்லை. சபைக் கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தி, நாற்பது நாள் யாரும் அவளோடு பேசக் கூடாது, வீட்டில் உள்ளவர்களும்தான் என்றார். சபை ஆமென் சொன்னது. புருஷன் சண்முகசுந்தரத்தின் குரலும் பதினோரு வயது மகளின் குரலும் அவளுக்குத் தனியாகக் கேட்டன.

அதன்பிறகு அவள் சோறு வைத்தால் இருவரும் சாப்பிட்டார்கள். யார் வைத்தது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடத்தில் அவள் நின்றால், நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல் புருஷன் சுற்றிப் போனான். சடை பின்னும்போது மகளின் கண் கண்ணாடியில் சுவரையே பார்த்தது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள், தரையில் தன் ஈரக்கால் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வேலை செய்யும் மைன்ஸ் கேன்டீனில் யாராவது சாம்பார் கேட்டாலே கண்ணீர் முட்டியது. தாஜ் பீவி வாசலில் நின்று கூப்பிட்டாள். அதற்கும் இவள் வாய் திறக்கவில்லை, பாவி மனுஷி!

அவள் ஏங்கியதெல்லாம் மகள் ஒரு தடவை அம்மா என்று கூப்பிடுவதற்குத்தான். முப்பத்தொன்பதாம் நாள் எப்சிபாவுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா போகாதே என்று முனகியது பிள்ளை. திலகவதி ஆசை தீர அழுதாள்.

மறுநாள் மாலைக் கூட்டத்தில் மூப்பர் அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார். எதையும் ஒளிக்காமல் சபையில் சொல்லியே பழகியவள். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எம்புள்ள என்ன அம்மான்னு கூப்பிட்டுச்சுங்க ஐயா."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. மூப்பர் சிரித்தார். திலகவதியைச் சேர்த்துக்கொண்டதாக அறிவித்துவிட்டு, காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த எப்சிபாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இந்தப் புள்ளகிட்ட நாப்பது நாளைக்கு யாரும் பேசக் கூடாது. பெத்தவங்களும்தான்."

இந்தத் தடவை எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்முகசுந்தரம் அவள் முகத்தைப் பார்த்துக் காபி கேட்டான். என்ன கொடுமை, அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எப்சிபா காய்ச்சலோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் என்ன தப்பும்மா பண்ணேன்?"

திலகவதியின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.