மூன்று வாரம் முந்திய துப்பறிவாளர்

ஒரு வருடத்துக்கும் மேலாக நான் ஒரு மோசடி செய்துவந்தேன். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்கிற காரியமும் இல்லை. தொலைக்காட்சியில் வந்த ஒரு துப்பறியும் தொடரில் கொலையாளி யாரென்று, கதை முடிவதற்குள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தவறாததற்குக் காரணம் என் மூளை அல்ல. அந்தத் தொடர் கன்னடத்தில் எடுக்கப்பட்டது. கன்னடச் சேனலில் வந்து மூன்று வாரம் கழித்துத்தான் அதே கதை தமிழ்க் குரல்களோடு தமிழ்ச் சேனலுக்கு வரும். ஓசூரில் பிறந்தவனுக்குக் கன்னடம் பால்காரரிடமிருந்தும் தெலுங்கு காய்க்காரம்மாவிடமிருந்தும் தானாக வந்துவிடுகிறது. நான் கன்னடத்தில் பார்த்துவிட்டு மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தொடரில் திங்களன்று பிணம் விழும், வெள்ளியன்று கொலையாளி அகப்படுவான். தமிழில் கதை புதன்கிழமையை எட்டும்போது, இரவெல்லாம் யோசித்தவன்போல் பஸ்ஸில் மெல்ல வாயைத் திறப்பேன்.

துப்பறிவாளராக நடித்தவர் அதற்கு முன்பு பல வருடம் குடிகாரத் தாய்மாமனாகவே நடித்துக்கொண்டிருந்தவர். கண் இமைகள் இயற்கையிலேயே பாதி மூடியிருக்கும். முந்தைய வேடங்களில் போதை என்று நாம் எடுத்துக்கொண்டதை இந்தத் தொடரில் சிந்தனை என்று எடுத்துக்கொண்டோம். கன்னடத்தில் அவர் சொந்தக் குரல், எப்போதும் சளி பிடித்தது மாதிரி இருக்கும். தமிழில் யாரோ ஒரு சிங்கம் பேசியது. உதவியாளராக வந்த நடிகை, அதே சேனலில் அரை மணி நேரம் கழித்து இன்னொரு தொடரில் மருமகளின் சாப்பாட்டில் எதையோ கலந்துகொண்டிருப்பார். பிணங்களுக்கென்றே பருத்த உடம்போடு ஒரு நடிகர் இருந்தார். மீசையை மாற்றி மாற்றி மூன்று கதைகளில் செத்தார். தரையில் கிடக்கும்போது வயிறு ஏறி ஏறி இறங்கும். மறுநாள் பஸ்ஸே சிரிக்கும். “பொணத்துக்கு மூச்சு வாங்குது சார்!”

கொலையாளியின் பெயரைச் சொல்வதற்கு முன் கதாநாயகர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். யாராவது குறுக்கே பேசினால் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி நிறுத்துவார். இரண்டையும் நான் கற்றுக்கொண்டேன். நிலைக்கண்ணாடி முன் நின்று பழகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் இருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். கணவருக்கு அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடக எல்லைக்குள் ஒரு குடோனில் மூட்டை ஏற்றும் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் மேஜையருகே வந்து நின்றார்.

“சார், எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழம வேலைக்குப் போனவரு இன்னும் வரல. போனும் போவ மாட்டேங்குது. குடோன்ல நாலு மணிக்கே கெளம்பிட்டாருன்றாங்க. டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். நீங்க கொஞ்சம் கூட வந்தீங்கன்னா, அந்தப் பக்கம்…”

நான் உள்ளங்கையை உயர்த்தினேன். அந்த அம்மா நிறுத்திவிட்டார்.

“வீட்டுல சண்டையா?”

“சண்ட இல்லாத வூடு எது சார்?”

“எதைப் பத்தி?”

“ஊர்ல நெலம் ஒண்ணு கெடக்கு. அண்ணன் விக்கலான்றாரு, இவரு வேணான்றாரு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்தத் தொடரில் காணாமல் போகிறவர்கள் யாரும் உண்மையில் காணாமல் போவதில்லை, தாமாகவே எங்காவது ஒளிந்திருப்பார்கள். நாலு மணிக்கே கிளம்பியது திட்டம், போனை அணைத்தது திட்டம், நிலம் காரணம். “அவர் ஊருக்குத்தான் போயிருக்கார்” என்றேன்.

“அங்க கேட்டுட்டேன் சார். வரலன்றாங்க.”

“அப்படித்தான் சொல்லுவாங்க.”

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு அந்த வாக்கியம் எனக்கு இனித்தது. அந்த அம்மா தன் தம்பியை ஊருக்கே அனுப்பி நேரில் பார்த்துவரச் சொன்னார். அவன் போய், வீடு வீடாகக் கேட்டு, யாரும் இல்லை என்று திரும்பியதில் புதன்கிழமை போயிற்று.

வியாழனன்று நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டுக்குப் போனேன். கணவருக்கு அங்கே ஒரு கூட்டாளி உண்டு என்று விசாரணையில் தெரியவந்திருந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அவரைக் கண்டுபிடித்து, பாதி மூடிய கண்களோடு கேள்விகள் கேட்டேன்.

“அவன் இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு. நீங்க போலீஸா?”

“இல்லை.”

“அப்ப எதுக்கு நடுவுல நிக்கறீங்க? வண்டி ரிவர்ஸ் வருது, நவுருங்க.”

பஸ்ஸில் என் மதிப்பு ஏறியிருந்தது. “நம்ம சாரு நெஜ கேஸே எடுத்திருக்காருப்பா” என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் நான் இன்னும் வாய் திறக்காததால், வெள்ளிக்கிழமை மாலை அவர்களே கொலையாளி யாரென்று கேட்டார்கள். சொன்னேன். கைதட்டினார்கள். கடைசி இருக்கையில் அந்த அம்மா முந்தானை நுனியை வாயில் கவ்வியபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டலுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னை ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் என்னைக் கூப்பிட்டார். தேன்கனிக்கோட்டைக்காரர், முன்பு லாரி ஓட்டியவர். கொலைப் பேச்சில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை.

“அந்தம்மா வூட்டுக்காரரு எங்க வேலைக்குப் போனாரு சார்?”

“அத்திப்பள்ளி தாண்டி.”

“அப்ப எதுக்கு சார் எதிர்ப்பக்கம் ராயக்கோட்டையில தேடறீங்க? செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட அடிபட்டா அந்த ஊர் ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்தான் தூக்கிட்டுப் போவும். நம்ம டேஷனுக்குச் சேதி வர நாளாவும். போயி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கேளுங்க.”

இவ்வளவுதான். அவர் எதையும் துடைக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். எல்லை தாண்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவது ஆஸ்பத்திரியில் நான் கன்னடத்தில் கேட்டதும் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டி, பெயர் எழுதாமல் விட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். பிறகு எங்களை உள்ளே அழைத்துப்போனார்.

தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கி, யாருடையதாகவும் இருக்கலாம்போல் இருந்தது. அந்த அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, இடது பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூட்டை விழுந்து நகம் போன கட்டைவிரலாம், பின்னால் சொன்னார். பாதத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் நாங்கள் சிரித்துச் சிரித்து அலுத்த அந்த அசைவுக்காகக் காத்திருந்தேன். மார்பு ஏறியது. இறங்கியது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஏறியது. நடிகரின் வயிறு எவ்வளவு தாராளமாக ஏறி இறங்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் சொன்னார்: ஞாயிறு மாலை ரோட்டோரம் நடந்துபோனவர்மேல் வேன் மோதியிருக்கிறது. போன் எங்கே விழுந்ததோ தெரியாது. போலீஸுக்குத் தகவல் கொடுத்தாயிற்று. செவ்வாயும் புதனும் கண் திறந்திருந்தார். பேச வரவில்லை. ஆள் நடமாட்டம் கேட்கும்போதெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழனிலிருந்து கண் திறக்கவில்லை.

“இன்னா சார் சொல்றாங்க?” என்றார் அந்த அம்மா.

வேனைச் சொன்னேன், போனைச் சொன்னேன், போலீஸைச் சொன்னேன். செவ்வாயையும் புதனையும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளையும் நான் எங்கே செலவழித்தேன் என்பது எனக்குத் தெரியும். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதும் இதுதான் முதல்முறை.

பெங்களூருக்கு மாற்றினார்கள். பத்து நாள் கழித்துக் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கையால் இனி மூட்டை தூக்க முடியாது. ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். நாலு நாள் முந்தியிருந்தால் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று ஒரு டாக்டரைக் கேட்டேன். முடிந்திருக்காது என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, கேஸைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் பஸ்ஸில் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டேன். கொலையாளி யாரென்று கேட்டால் தொடர் பார்ப்பதில்லை என்றேன். அது உண்மையும்கூட. எப்போதாவது கண்ணில் பட்டாலும், அந்தக் கதாநாயகர் கண்ணாடியைக் கழற்றினால் நான் டிவியை அணைத்துவிடுகிறேன். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள் விடவில்லை. “நம்ம சாருதான் கண்டுபிடிச்சாரு” என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வேலைக்குத் திரும்பினார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என் மேஜைக்குக் கீழே பெருக்க வந்தபோது, “ஏம்மா, எனக்குத் துப்பறியவெல்லாம் தெரியாதும்மா. அந்தத் தொடரைக் கன்னடத்துல முன்னாடியே பாத்துட்டு வந்துதான் பஸ்ஸுல சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றேன்.

அந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

“அது தெரியுமே சார், பஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும். கன்னடம் பேசறவராச்சே, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிங்கள்ல கேட்டுச் சொல்லுவீங்கன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன். நீங்க துப்பறியக் கெளம்பிட்டீங்க. காலத் தூக்குங்க சார், பெருக்கணும்.”