பெட்ரோல் முள் இருந்த இடம்

அக்காவின் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள் செத்து நான்கு வருஷம். வண்டியை உலுக்கி, டேங்கில் எழும் சத்தத்தை வைத்தே அளவு சொல்வாள். அந்த முள்ளைக் கழற்றிய வட்டக் குழியில்தான் தானே செய்த கடிகாரத்தைப் பதித்தாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தக் குப்பிகளை அரை மணிக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. புறப்பட்ட நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். வந்த நேரத்தைக் கூடத்துச் சுவர்க் கடிகாரம் பார்த்து மேற்பார்வையாளர் எழுதுவார். ஆட்கள் சீக்கிரம் வரட்டுமென்று அவரே அதை எட்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அதனால் இருபத்தேழு நிமிஷத்தில் வந்தவளுக்கு முப்பத்தைந்து என்று ஏறியது.

"அஞ்சு நிமிஷம் எங்க போச்சு? வழியில கதையடிச்சியா?"

"உங்க சுவத்துல தொங்குது, பாருங்க."

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. மூன்று விழுந்தால் வண்டியைப் பிடுங்கிக் குப்பி கழுவும் அறையில் உட்கார்த்திவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் கியரைத் தேடும் ஜென்மம் அவள். கைக்கடிகாரத்தைக் காட்டினாள். "அதை யாரும் திருகிக்கலாம்" என்றார் அவர்.

யாரும் திருக முடியாத கடிகாரம் செய்ய உட்கார்ந்தாள். எண்ணில் மணி காட்டும் உடைந்த மேசைக் கடிகாரத்தின் உள்பாகம், மேலே மூடியாகக் கண்ணாடிச் சில்லு. நேரம் வைக்கும் இரண்டு பொத்தான்களையும் பசையில் புதைத்தாள். ஆனால் மின்கம்பியைச் வண்டிச் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியோடு இணைத்துவிட்டாள். கூடத்து வாசலில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு வந்தபோது சாவி அணைந்திருந்தது, கடிகாரமும்தான். திருப்பினால் பன்னிரண்டு என்று மினுக்கியது. திருத்தலாமென்றால் பொத்தான் பசைக்குள்.

"பன்னெண்டா? போய்ச் சாப்பிடும்மா."

இரண்டாவது கோடு.

"விட்டுடுக்கா, கழுவுறதும் வேலைதானே" என்று வெளிநாட்டிலிருந்து போனில் கெஞ்சினேன்.

"நீ அங்க பயப்படு. இங்க நான் பாத்துக்கறேன்."

பசையைச் செதுக்கினாள். பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்தாள். சாவி அணைந்தாலும் ஓடும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவரையே நேரம் வைக்கச் சொல்லி, அவர் கையாலேயே பசை ஊற்றவும் வைத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வெளியே வர மறுத்தார். "வண்டிகிட்ட வந்து மணி பாக்கறது என் வேலை இல்ல."

"சரி, அது உங்ககிட்ட வரும்."

ஸ்ட்ரெச்சர் ஏறும் சரிவில் வண்டியை ஏற்றி, நேரே சுவர்க் கடிகாரத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். சத்தம் கேட்டுத் கூடத்தின் தலைமை டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். மேலே பத்து நாற்பது. கீழே பத்து முப்பத்திரண்டு. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மணி கேட்டார்.

"பத்து முப்பத்திரண்டாம்."

மேற்பார்வையாளர் ஸ்டூலில் ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினார். இறங்கி ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார்.

"சரி, வண்டிய வெளிய எடு."

"அந்த ரெண்டு கோடு?"

"அதை அப்புறம் பாக்கலாம்."

அக்கா எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். குழிக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க. அது வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று சைடு ஸ்டாண்டைப் போட்டாள்.